உருகும் இடத்தைப் பாருங்கள்

திருச்சியில் பாய்லர் ஆலை வந்த 1960களுக்குப் பிறகு திருவெறும்பூர், துவாக்குடி பக்கமெல்லாம் வெல்டிங் ஊர்ப்பேச்சாகிவிட்டது. டீக்கடையில் ‘6ஜி பாஸ்’ என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றிச்சுற்றிப் பற்றவைத்துத் தேற வேண்டிய பரீட்சை அது. அந்தச் சான்றிதழை நம்பி வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஊரில், கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் மெஷினை வைத்துக்கொண்டு துணி காயப்போடும் ஸ்டாண்டும் பூந்தொட்டி ஸ்டாண்டும் செய்கிறவன் நான். தொழில்காரன் இல்லை. தொழில்காரர்கள் யோசிக்காமலே செய்துவிடுகிற காரியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து யோசித்துக் கற்க வேண்டியிருந்தது. அதனாலேயே புதிதாக மெஷின் வாங்குகிறவருக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் கரண்ட். மெஷின் மேல் ‘200 ஆம்ப்ஸ்’ என்று பெரிதாக அச்சடித்திருக்கும். வீட்டு வேலைக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. 80 ஆம்பியரில் பற்றவைக்கும்போது, உருகும் ராடின் நுனியில் எரியும் ஆர்க்கின் வோல்டேஜ் சுமார் 23. ஆக, நுனியில் செலவாவது இரண்டு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மெஷினுக்குள் ஆகும் இழப்பையும் குறைவான பவர் ஃபேக்டரையும் கணக்கில் சேர்த்தால், வீட்டு லைனிலிருந்து அது இழுப்பது 13 ஆம்பியரை ஒட்டி வரும். மிக்ஸி போடும் 6 ஆம்ப்ஸ் பிளக் இதற்கு உதவாது. ஏசி போடும் 16 ஆம்ப்ஸ் பிளக் மெல்லிய ராடுக்குத் தாங்கும். தடித்த ராடுக்குப் போனால் பிளக் முனை சுடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் தனி லைனும் தனி எம்சிபியும் போட்டுக்கொள்வதுதான் நல்லது. மெஷினுக்குப் பேரம் பேசி மிச்சம் பிடித்த பணம் இதற்குச் சரியாக இருக்கும். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாகவே வைத்து ஓட்டக் கூடாது. முழுதாகப் பிரித்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் சுருளே சூடேறி இளகும். ஊரெல்லாம் ஏசி போடுகிற மே மாதச் சாயங்காலத்தில் வோல்டேஜ் தொங்கும்போது ராடு இழுத்து இழுத்து ஒட்டும். அப்போது பழி உங்கள் கையின் மேல் இல்லை, விடியற்காலையில் செய்து பாருங்கள்.

‘டியூட்டி சைக்கிள் 60 சதவீதம்’ என்று போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். இந்தக் கணக்கை 40 டிகிரி வெயிலை வைத்துப் போடுவது வழக்கம். திருச்சிக்குப் பொருத்தமான கணக்குதான்!

அடுத்தது எர்த் கிளாம்ப். கரண்ட் திரும்பிப் போகும் வழி அதுதான். வீட்டுச் சுவரில் இருக்கும் எர்த்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயின்ட் அடித்த கேட்டில் கிளாம்ப்பைக் கவ்வவிட்டுவிட்டு, ‘மெஷின் சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. துரு, பெயின்ட், எண்ணெய் எல்லாவற்றையும் சுரண்டி வெள்ளி நிறம் தெரிந்த பிறகு, பற்றவைக்கப் போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வவிடுங்கள். தூரத்தில் கவ்வவிட்டால் நடுவில் இருக்கும் கீல், பேரிங் வழியாகக் கரண்ட் ஓடி அவற்றைக் கெடுக்கும்.

ராடு வாங்கப் போனால் கடைக்காரர் “எட்டா, பத்தா, பன்னெண்டா?” என்று கேட்பார். கேஜ் கணக்கு அது. பன்னிரண்டு என்றால் 2.5 மில்லிமீட்டர், பத்து என்றால் 3.15, எட்டு என்றால் 4. பன்னிரண்டில் 6013 ரகத்தை வாங்குங்கள். வீட்டுக்கு அது போதும். 60 என்பது சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. அடுத்த 1, எல்லா நிலையிலும் பற்றவைக்கலாம் என்பதை. கடைசி எண் மேல் பூச்சின் ரகத்தை. அந்தப் பூச்சுதான் விஷயமே. வெறும் கம்பியை உருக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்து இணைப்பு உடையக்கூடியதாகிவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கார் ஷெல்பெரி கம்பிக்குப் பூச்சு போடும் முறைக்கு 1907இல் காப்புரிமை பெற்றார். பூச்சு எரிந்து புகையாகி உருகும் இரும்பைக் காற்றிலிருந்து மறைக்கிறது. மிச்சம் கசடாக மேலே படிந்து, ஆறும்வரை மூடிக் காக்கிறது. சுத்தியால் தட்டி எடுக்கிற அந்தக் கறுப்பு ஓட்டை இளப்பமாக நினைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் ராடு ஈரம் கோத்துக்கொள்ளும். 6013ஐ நல்ல வெயிலில் காயவைத்து எடுக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு, வீட்டு வேலைக்கு அது போதும். 7018 ரகம் அப்படியில்லை, அதை 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் வாட்ட வேண்டும். ‘ஸ்ட்ராங்கான ராடு’ என்று யாராவது சொல்வதைக் கேட்டு அதை வாங்கி வந்து, ஈரத்தோடு பயன்படுத்துவதில் அர்த்தமில்லை.

இனிதான் உண்மையான படிப்பு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் இருக்கிறார். நான் பற்றவைப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, எதைப் பாத்துட்டு ஓட்டுற?” என்றார்.

“நெருப்பத்தாண்ணே.”

“நெருப்பப் பாத்தா கை எங்க போவுதுன்னே தெரியாது. உருகுற எடத்தப் பாரு.”

இதைவிட முக்கியமான பாடம் இந்த வேலையில் இல்லை என்பது என் முடிவு. கறுப்புக் கண்ணாடி வழியே பார்க்கும்போது வெளிச்சம் கண்ணை இழுக்கும். அதைத் தள்ளிவிட்டு, ராடு நுனிக்குக் கீழே பளபளவென்று ஈரமாக நிற்கும் சின்னக் குளத்தைத் தேட வேண்டும். அதற்குப் பின்னால் கசடு அலைந்தபடி வரும். குளத்தின் இரண்டு ஓரமும் இரண்டு இரும்புத் துண்டுகளையும் நனைக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால், வெளியே அழகாகத் தெரிந்தாலும் மறுபக்கம் வெறுமனே படிந்திருக்கிறது என்று பொருள். குளம் அகலமானால் வேகம் கூட்டு. நுனியைத் தாண்டிக் கசடு முன்னால் ஓடி வந்தால் ராடைச் சற்றுச் சாய்த்து இழு. குளம் திடீரென்று உள்வாங்கினால் ஓட்டை விழப்போகிறது, ராடை எடு. 16 கேஜ் ஸ்கொயர் பைப்பில் இந்தக் கடைசி எச்சரிக்கைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு நொடிகூட இருக்காது. அதனால்தான் மெல்லிய பைப்பில் 50, 55 ஆம்பியரில் வைத்து, நீளமாக ஓட்டாமல் விட்டுவிட்டுப் புள்ளியாக வைக்கிறார்கள். 3 மில்லிமீட்டர் ஆங்கிளில் பழகுவது எவ்வளவோ நிம்மதி. 75, 80இல் வைத்து நிதானமாக இழுக்கலாம்.

நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி ராடின் கனத்துக்குமேல் போகக் கூடாது. ராடு கரைந்துகொண்டே குட்டையாவதால் கை முன்னேறுவதோடு இறங்கிக்கொண்டும் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் கை இறங்காது. இடைவெளி சரியாக இருந்தால், எண்ணெயில் வடை வேகும் சலசலப்பு ஒரே சீராகக் கேட்கும். இடைவெளி நீண்டால் சத்தம் சிதறும், பொறி தெறிக்கும்.

பார்க்கவே முடியவில்லை என்றால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். மெஷினோடு இலவசமாக வரும் கைத்தட்டியின் கண்ணாடி பெரும்பாலும் அதிகக் கறுப்பு. 60, 80 ஆம்பியருக்கு 10ஆம் எண் போதும். நாற்பதைக் கடந்தவர்கள் படிக்கிற கண்ணாடியை உள்ளே போட்டுக்கொண்டு பற்றவைத்துப் பார்க்கட்டும். கையில் வராத வித்தை சட்டென்று வந்துவிடும். ஆனால் 10க்குக் கீழே இறங்க வேண்டாம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு புள்ளி வைக்கிறவர்களைப் பார்த்தும் பழக வேண்டாம். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மண் விழுந்த உறுத்தலோடு நீர் கொட்டும். உருளைக்கிழங்கு வில்லை, தாய்ப்பால் என்று சொல்கிறவர்களை ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் போங்கள். பக்கத்தில் வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கும் இதே கதிதான், முதலில் பிள்ளையை உள்ளே அனுப்புங்கள்.

ஜிஐ பைப்பில் துத்தநாகப் பூச்சு உண்டு. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். இரும்பு உருக 1500ஐ நெருங்க வேண்டும். ஆகவே இரும்பு இளகும் முன்பே வெள்ளைப் புகை மூக்குக்கு வந்துவிடும். அன்று இரவே குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். பால் நுரையீரலுக்குப் போவதில்லை. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெட்டவெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று பற்றவையுங்கள். பருத்திச் சட்டை, தோல் கையுறை, ஷூ. கைலியும் ரப்பர் செருப்புமாக நிற்கிற தொழில்காரர்கள் நிறைய உண்டு, அதில் மட்டும் அவர்களைப் பின்பற்றாதீர்கள். தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

வீட்டில் பற்றவைக்கக் கூடாதவையும் உண்டு. பெட்ரோல், டீசல் இருந்த டேங்க், காலியாக இருந்தாலும் வெடிக்கும். வண்டியின் சேஸிஸ், ஊஞ்சல் கொக்கி, தண்ணீர்த் தொட்டி நிற்கும் ஸ்டாண்ட், ஏணி. இணைப்பு விட்டால் ஆள் விழக்கூடிய எதையும் தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேட், ஜன்னல் என்று இறங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் பட்டையும் ஆங்கிளும் வாங்கி வாருங்கள். இரண்டு பட்டையை ‘டி’ வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். கிரைண்டரைத் தொடாதீர்கள், கிரைண்டரும் பெயின்டும் சேர்ந்தால் எந்த மோசமான இணைப்பும் நல்லதாகத் தெரியும். ஆறியதும் வைஸில் பிடித்துப் பெரிய சுத்தியால் மடக்கி உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் கறுப்புக் கசடோ, உருகாமல் அப்படியே நிற்கும் பட்டையின் ஓரமோ தெரிந்தால் மறுபடி பழகுங்கள். பட்டையே வளைந்து, இணைப்பு விடாமல் நிற்கும் நாள் வரும். அதுவரை கேட் செய்து தருகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள்.