காட்டேரியின் காதலும் பரீராவின் மறுப்பும்

பலரும் விரும்பிப் படிக்கும் கதைகளை இகழ்வது கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். ஆயிரத்தொரு இரவுகளுக்கு மூலமாக விளங்கிய பாரசீகக் கதைத் தொகுப்பைப் பக்தாதில் கண்ட இப்னு நதீம், 987-ஆம் ஆண்டளவில் தாம் தொகுத்த 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலில், சுவையும் தரமும் குன்றிய நூல் என்று அதனை ஒதுக்கிவிட்டார். உலகம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. படிப்பவர்கள் இளம்பெண்களாக இருந்துவிட்டாலோ இகழ்ச்சி இரட்டிப்பாகும். 100-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ரமணிசந்திரனைத் தமிழ்நாட்டுப் பெண்கள் வாடகை நூலகங்களில் வரிசையில் நின்று வாங்கிப் படித்தார்கள். இலக்கிய அரங்குகளில் அவர் பெயரைச் சொன்னாலே பலருக்கு இதழோரத்தில் ஓர் ஏளனச் சிரிப்பு எழும். அந்த நாவல்களுள் ஒன்றையேனும் முழுதாகப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆகவே, ஒரு நூலை விரும்பாதவர்களைப் பற்றி எழுதப் புகுமுன், படிக்காமல் வெறுப்பவரையும் படித்து வெறுப்பவரையும் பிரித்துவிடுதல் நன்று. முன்னவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பின்னவரைப் பற்றியதே இக்கட்டுரை.

நூல், 'ட்வைலைட்' என்னும் ஆங்கிலப் புதின வரிசை. அமெரிக்கப் பெண்மணி ஸ்டெஃபனி மேயர் 2005-க்கும் 2008-க்கும் இடையில் நான்கு பாகங்களாக வெளியிட்டது. பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையானது. 2008 முதல் 2012 வரை ஐந்து திரைப்படங்களாகவும் வந்தது. கதை எளியது. பெல்லா என்னும் பதினேழு வயதுப் பெண், மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு வருகிறாள். அங்கே பள்ளியில் உடன்பயிலும் எட்வர்ட் என்னும் அழகன் மீது காதல் கொள்கிறாள். அவனோ 1901-இல் பிறந்து, 1918-ஆம் ஆண்டு விஷக்காய்ச்சலில் மடிய வேண்டியவன்; இரத்தக் காட்டேரியாக மாற்றப்பட்டு, பதினேழு வயதிலேயே நின்றுவிட்டவன். மனித இரத்தத்தை விலக்கி விலங்குகளின் இரத்தத்தால் உயிர்வாழும் குடும்பம் அவனுடையது. அவளுடைய இரத்தத்தின் மணமோ அவனைப் பித்தனாக்குகிறது. உண்ண விரும்பும் பொருளையே காதலிக்கவும் நேர்ந்தவனின் தவிப்பே கதையின் உயிர்நாடி.

இவ்வரிசை என் கைக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் மாலை வேளைகளில் நான் அரபு இலக்கணம் கற்பித்து வருகிறேன். என்னிடம் ஓதும் கல்லூரி மாணவி ஒருத்தியின் தந்தை, இங்குள்ள தொழிற்சாலையொன்றில் முறைமாற்றிப் பணிசெய்பவர், ஒருநாள் துணிப்பையில் நான்கு தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். முதல் நூலின் கறுப்பு அட்டையில் இரு கைகள் ஒரு சிவந்த ஆப்பிளை ஏந்தியிருந்தன.

"ஹஜ்ரத், இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. இரத்தம் குடிக்கிற பையன் கதையாம். ராத்திரி பகலா இதையே வச்சிக்கிட்டு இருக்கா. தப்பா இருந்தா காலேஜையும் சேத்து நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார்.

புத்தகத்தில் பிழையிருந்தால் கல்லூரியை ஏன் நிறுத்த வேண்டும் என்று அவரிடம் கேட்கவில்லை. அச்சத்தில் இருக்கும் தந்தையிடம் தர்க்கம் பேசிப் பயனில்லை. படித்துச் சொல்கிறேன் என்றேன். அகராதியைத் துணைக்கொண்டு நான்கையும் முடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஓடும் இரத்தம் நமக்கு விலக்கப்பட்டது என்பது மதரஸாவின் முதல் வகுப்பிலேயே ஓதும் பாடம். அதைக்கொண்டு தீர்ப்பெழுதியிருந்தால் என் வேலை அரைநாழிகையில் முடிந்திருக்கும். ஆனால் கதையில் வரும் காட்டேரியை யாரும் சமையலறைக்கு அழைப்பதில்லை. நம் நாட்டு வேதாளத்துக்கு மேல்நாட்டுக் காட்டேரி என்றே பெயர் சூட்டி, ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் விக்கிரமாதித்தன் கதைகள் சிலவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னாளில் ஆயிரத்தொரு இரவுகளையும் பெயர்த்த அதே பர்ட்டன்தான். அந்த வேதாளம் முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அரசனின் நீதியறிவைச் சோதித்ததே தவிர, எந்தப் பெண்ணின் வீட்டுச் சாளரத்திலும் ஏறவில்லை. அரபு நாட்டுப் பாலைவனக் கதைகளில் வரும் 'கூல்' உருமாறி வழிப்போக்கரை மயக்கிக் கெடுக்கும். அது கெடுதல் செய்கிறது என்பதில் கேட்பவருக்கு ஐயமிராது. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் படைத்த டிராகுலாவும் அவ்வாறே. மேயரின் காட்டேரி சூரிய ஒளி பட்டால் சாம்பலாவதில்லை. வைரத்தூள் போல மின்னுகிறது. பழைய பேய்க்கதைகளில் ஊறிய வாசகர் பலருக்கு இது ஒன்றே போதுமான வெறுப்பைத் தந்துவிட்டது. நான் இதைப் பெருங்குற்றமாகக் கருதவில்லை. பேய்க்கு இலக்கணம் வகுத்தவர் யார்?

நடையைக் குறை கூறுவோரும் உளர். திகில் கதைகளில் பெயர்பெற்ற ஸ்டீஃபன் கிங், 2009-இல் அளித்த நேர்காணலொன்றில், ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங்குக்கு எழுத வரும், மேயருக்கு வராது என்னும் பொருள்பட உடைத்துக் கூறினார். இளம்பெண்களுக்குக் காதலின் கிளர்ச்சியை அச்சமின்றிச் சுவைக்க அந்நூல்கள் இடந்தருகின்றன என்பதையும் அவர் அப்போதே ஒப்புக்கொண்டார். எட்வர்டின் முகம் அழகானது என்று எத்தனை முறைதான் படிப்பது என்று நானும் சலித்தேன். வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் இன்றும் வாழும் குவிலியூட் என்னும் பழங்குடியினரின் பெயரை எடுத்து, அவர்களை ஓநாய் மனிதராக்கிக் கதை புனைந்ததைக் கண்டிப்போரும் உண்டு. அக்கண்டனம் நியாயமானதே.

ஆயினும் வெறுப்பின் வேர் இவற்றில் இல்லை. என் மாணவியின் சாச்சி மகள் அதைச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கிற்று. இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தவர்கள். ஒருத்திக்கு அது அமுதம், மற்றவளுக்கு நஞ்சு.

முதல் பாகத்தில் ஓரிடம் வருகிறது. தன் அறையில் பெல்லா உறங்குவதைப் பார்ப்பதற்காக, அவளறியாமல் எட்வர்ட் இரவுதோறும் வந்துகொண்டிருந்தது தெரியவருகிறது. அவள் வெகுளவில்லை, நாணத்தோடு மகிழ்கிறாள். மூன்றாம் பாகத்தில், தனக்குப் பிடிக்காத நண்பனைக் காண அவள் போய்விடாதபடி, அவளுடைய வண்டியின் இயந்திரத்தில் ஓர் உறுப்பைக் கழற்றிவிடுகிறான். தன் தங்கைக்கு விலையுயர்ந்த கார் வாங்கித் தந்து, அவளைக் காவலில் வைத்திருக்கவும் ஏற்பாடு செய்கிறான். எல்லாம் அன்பின் பெயரால். எல்லாம் அவள் நன்மைக்காக.

"ஹஜ்ரத், ஸ்டேஷன்லேர்ந்து காலேஜ் வாசல் வரைக்கும் ஒருத்தன் மூணு மாசமா என் பின்னாலயே வர்றான். அவன் மூஞ்சி அழகா இருந்தா நான் சந்தோஷப்படணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வீட்டில் சொன்னாயா என்றேன். "சொன்னா அவனையா நிறுத்துவாங்க? என்னையத்தான் நிறுத்துவாங்க" என்றாள்.

வாசகர்களே, இந்தச் சொல்லை நாம் சற்று நின்று கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் இதே சென்னையில், பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னை மறுத்த கல்லூரி மாணவியை ஒருவன் வந்துகொண்டிருந்த ரயிலின் முன் தள்ளிக் கொன்றான். பெண்ணைப் பின்தொடர்வது தனிக் குற்றமென்று 2013-இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு சேர்க்கப்பட்டது. அதுவரை நம் திரைப்படங்களில் நாயகன் செய்த முதல் வேலையே அதுவன்றோ? பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பான், கோயில் வாசலில் காத்திருப்பான், அவள் முகஞ்சுளித்தால் பாட்டுப் பாடுவான். கடைசிக் காட்சியில் அவள் மனம் மாறியிருப்பாள். ஃபோர்க்ஸ் என்ற ஊரை நாம் கண்டதில்லையே தவிர, எட்வர்டை நன்கு அறிவோம்.

இவ்வரிசைக்காக வாதாடுவோர், சமயப்பற்றுள்ள குடும்பங்கள் மகிழத்தக்க ஒன்றை எடுத்துக்காட்டுவர். திருமணத்துக்கு முன் எல்லை மீறலாகாது என்று நாயகனே உறுதியாக நிற்கிறான். உண்மைதான், என் மாணவியும் இதையே முதலில் சொன்னாள். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எவ்விதம் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தன் பிடி நழுவினால் அவளைக் கொன்றுவிடுவோமென்று அவன் அஞ்சுகிறான். அதுவே தலையாய காரணமாக நிற்கிறது. ஹயா என்று நாம் கூறும் நாணம் ஒருவர் தம் உள்ளத்தில் தாமே காப்பது. எதிரில் இருப்பவன் கொன்றுவிடுவான் என்பதால் விளையும் ஒழுக்கத்தை அப்பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. பெல்லா அவனிடம் எதையும் நிபந்தனையாகக் கேட்பதில்லை. தன்னையும் அவனைப்போல் ஆக்கிவிடு என்பதைத் தவிர. படிப்பு, தோழியர், தாய், தந்தை, உயிர் எல்லாம் அதற்கு விலை. இரண்டாம் பாகத்தில் அவன் அவளைக் காட்டில் விட்டுப் பிரிகிறான். உன்மேல் அன்பில்லை என்று பொய் சொல்லியே பிரிகிறான். அவளுக்கு நான்கு மாதங்கள் வாழ்வே இல்லை. நூலில் மாதத்தின் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்களாக அவை நிற்கின்றன. அதைப் படித்தபோது எங்கள் திருவொற்றியூரின் பழங்கதையொன்று நினைவுக்கு வந்தது. பெரியபுராணம் கூறும் கதை. திருவாரூரில் மனைவியுள்ள சுந்தரர், இவ்வூர்ச் சங்கிலியாரை மணக்க விரும்புகிறார். பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்கிறார் சங்கிலியார். சந்நிதியில் சத்தியம் செய்யும் வேளையில் இறைவன் மகிழமரத்தடியில் போய் இருந்துகொண்டால் சத்தியம் பலிக்காதென்று சுந்தரர் ஒரு தந்திரம் செய்ய, அது சங்கிலியாருக்கு முன்னமே தெரிந்துவிட, மகிழடியிலேயே சத்தியம் வாங்கப்படுகிறது. பிற்பாடு அவர் சொல் தவறி ஊரெல்லையைத் தாண்டிய கணமே கண்ணொளி இழக்கிறார். சமயம் வேறாயினும், சத்தியத்தின் சொற்களை எங்கே, எப்படி வாங்க வேண்டும் என்பதில் சங்கிலியாருக்கிருந்த நுட்பத்தை, ஃபிக்ஹு நூலில் 'யமீன்' பாடம் நடத்தும் எந்த ஆசிரியனும் வியக்காமல் இருக்க முடியாது. சொல் தவறினால் யாருக்குத் தண்டனை என்பதும் அங்கே தெளிவு. மேயரின் கதையில் பொய் சொன்னவன் அவன். வெறும் பக்கங்களாகக் கழிந்தது அவள் காலம். அவனும் பின்னர் இறக்கத் துணிகிறான். அவள் இறந்துவிட்டாள் என்று தவறாக நம்பிய பிறகு.

காதலைப் பற்றிப் பேசுவதே நமக்கு ஆகாது என்று இதனால் நான் சொல்வதாகக் கொள்ளவேண்டாம். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-இலேயே 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை எழுதினார், உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு அது வெளிவந்தது. ஹதீஸ் நூல்களிலும் காதல் உண்டு. ஸஹீஹுல் புகாரியில் வரும் பரீராவின் செய்தியை நான் அந்த இரு பெண்களுக்கும் சொன்னேன்.

பரீரா அடிமைப்பெண், கணவர் முகீதும் அடிமை. அன்னை ஆயிஷா அவர்கள் பரீராவை வாங்கி உரிமை விட்டபோது, கணவரோடு தொடர்வதா, பிரிவதா என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. பிரிவேன் என்றார். முகீதால் தாங்க முடியவில்லை. மதீனாவின் தெருக்களில் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர் காதலையும் இவர் வெறுப்பையும் வியந்து, அவரிடம் திரும்பிச் செல்லலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரையே என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார் பரீரா. அத்தோடு முடிந்தது. நபியின் பரிந்துரையையே ஒரு பெண், அதுவும் நேற்றுவரை அடிமையாக இருந்தவர், மறுக்க முடிந்தது. அதற்காக எவரும் அவரைக் கடிந்ததாகச் செய்தி இல்லை.

சாச்சி மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் மாணவியோ சிறிது நேரம் பேசாதிருந்து, "முகீத் பாவம் இல்லையா ஹஜ்ரத்? அவரு அழுததை நபியவங்களே பாத்து இரங்கினாங்களே. எட்வர்டும் அப்படித்தான் எனக்குத் தெரியுறான்" என்றாள். இரங்கியது மெய்தான் என்றேன். இரக்கம் வேறு, அவரிடம் திருப்பி அனுப்புவது வேறு என்று அவள் ராத்தாவே பதில் சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவர்கள் இருவரும் வாதிட்டதில் அன்றைய இலக்கணப் பாடம் நடக்கவேயில்லை.

மறுவாரம் இரு தந்தையரையும் அழைத்துப் பேசினேன். புத்தகத்தைப் பற்றிக் குறைவாகவும், ரயில் நிலையத்தைப் பற்றி அதிகமாகவும் பேசினோம். பெண்ணை நிறுத்துவதென்றால் குற்றவாளி அவள் என்றாகிவிடும் என்றேன். நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, சிறிய தந்தை ரயில்வே காவல் நிலையத்துக்கு உடன் வருமாறு என்னை அழைத்தார். புகார் எழுதிக் கொடுத்தோம். அந்த இளைஞனை அதன்பின் அங்கே காணவில்லை. பெண்கள் இருவரும் கல்லூரிக்குச் சென்று வருகிறார்கள்.

புத்தகங்களைத் துணிப்பையோடு மாணவியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான்காம் பாகத்தில், அப்போதுதான் பிறந்த பெண்குழந்தையைக் கண்டதும் ஓநாய் இளைஞன் அவளே தன் வருங்காலத் துணை என்று பிணைப்புண்டு விடுகிறான். இதை எப்படி ஏற்றாய் என்று அவளிடம் கேட்டேன். "அந்தப் பக்கமெல்லாம் நான் தள்ளிட்டுத்தான் ஹஜ்ரத் படிச்சேன்" என்றாள்.