எந்தப் பீரங்கி, சார்?

தினசரி காலண்டரில் தாளைக் கிழித்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? ராகு காலம், எமகண்டம், அப்புறம் உங்கள் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று. ‘லாபம்’, ‘புகழ்’ எல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் ராசிக்குப் போய்விடும். நமக்கு எப்போதும் ‘வீண் அலைச்சல்’தான்.

எனக்குக் கூடுதலாக ஒரு கிறுக்கு உண்டு. அதே தேதியில் உலகத்தில் யார், யாரோடு, எங்கே அடித்துக்கொண்டார்கள் என்று புரட்டிப் பார்ப்பேன். மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகூட யுத்தத்துக்கு லீவு விட்டதில்லை. வாட்டர்லூ யுத்தமே ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான்!

இப்படிப் புரட்டியதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட தேதி அக்டோபர் 25. வருஷங்கள் 1415, 1854, 1944. ஒன்றில் வில்லும் அம்பும், ஒன்றில் குதிரை, ஒன்றில் போர்க்கப்பல். ஜோசியரிடம் சொன்னால், “அன்னிக்குச் செவ்வாய் சரியில்லை” என்பார். செவ்வாய் பாவம், விட்டுவிடுவோம். மூன்று கதையிலும் இருப்பது நம்ம ஆபீஸ் சமாசாரம். உத்தரவு போடுவது யார்? போட்ட உத்தரவுக்கு என்ன அர்த்தம்?

முதலில் 1415. வடக்கு ஃபிரான்ஸில் அஜின்கோர்ட். செருப்புத் தைப்பவர்களின் காவல் புனிதர்களான கிறிஸ்பின், கிறிஸ்பினியன் திருநாள் அன்று. இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றியிடம் இருந்தது பட்டினியும் வயிற்றுப்போக்கும் வாட்டிய படை. பெரும்பாலோர் வில்லாளிகள். எதிரே தலை முதல் கால் வரை இரும்பு மாட்டிய பிரெஞ்சுப் பிரபுக்கள். நியாயமாக ஜெயிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஆனால் அவர்கள் ராஜா ஆறாம் சார்லஸுக்கு மனநோய், களத்துக்கே வரவில்லை. தல்ப்ரே, பூசிகோ என்று அனுபவஸ்தர்கள் இரண்டு பேர் பெயருக்குத் தலைமை. அவர்களைவிட உயர்ந்த வம்சத்து இளவரசர்கள் ஏகப்பட்ட பேர். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்டுகிற மாதிரி எல்லோருக்கும் முன் வரிசை வேண்டும். தூரத்திலிருந்து அடிக்கத் தெரிந்த குறுக்குவில்காரர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள். முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் உழுத வயல் சேறாகிக் கிடந்தது. இரண்டு பக்கமும் காடு. அந்த இடுக்கில், அம்பு மழையில், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மடிந்தார்கள். தல்ப்ரே செத்தார். பூசிகோ கைதியானார். ஒரே செக்‌ஷனுக்குப் பத்து மேனேஜர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அஜின்கோர்ட் உதாரணம்.

439 வருஷம் கழித்து, கருங்கடல் ஓரம் கிரிமியாவில், பாலக்ளாவா. இங்கே மேனேஜர் ஒருவர்தான்: ராக்லன் பிரபு. உத்தரவும் ஒன்றுதான். அதுதான் புரியவில்லை.

ராக்லன் ஒரு குன்றின் மேல் நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் களம் முழுவதும் கேரம் போர்டு மாதிரி தெரியும். துருக்கிப் படையிடமிருந்து பிடித்த பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துக்கொண்டு போகப் பார்ப்பதாக அவருக்குப் பட்டது. உடனே பென்சிலால் ஒரு சீட்டு எழுதச் சொன்னார். குதிரைப்படை வேகமாக முன்னேறி, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க முயல வேண்டும். உடனடி. எந்தப் பீரங்கி, எந்தத் திசை? அது சீட்டில் இல்லை. மேலே நிற்பவருக்குக் கண்ணெதிரே தெரிகிறதே, எதற்கு எழுத வேண்டும்?

கீழே பள்ளத்தாக்கில் இருந்த லூகன் பிரபுவுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியவில்லை. சீட்டு கொண்டுவந்த கேப்டன் நோலனிடம் கேட்டார்: “தாக்கறதா? எதைத் தாக்கறது? எந்தப் பீரங்கி, சார்?” நோலனுக்கு ஏற்கெனவே லூகன் மேல் இளக்காரம். கையை வீசி, “அதோ உங்கள் எதிரி, அதோ உங்கள் பீரங்கிகள்!” என்றார். கை காட்டிய பக்கம் லூகனுக்குத் தெரிந்தது பள்ளத்தாக்கின் கடைசியில் வரிசையாக நின்ற ரஷ்ய பீரங்கிகள் மட்டும்தான். இரண்டு பக்கக் குன்றுகளிலும் ரஷ்யர்கள் வேறு.

லூகன் மறுபடி கேட்கவில்லை. ஒரு கேப்டனிடம் போய் இரண்டாம் தடவை விளக்கம் கேட்பதா? கீழே இருந்த கார்டிகன் பிரபுவிடம் உத்தரவைத் தள்ளிவிட்டார். கார்டிகன், லூகனின் மனைவிக்குக் கூடப்பிறந்தவர். மாமனும் மச்சானும் முகத்தில் விழிக்காத உறவு. “மூணு பக்கமும் பீரங்கி இருக்கே” என்று கார்டிகனும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ராக்லனின் விருப்பம் அது என்று பதில் வந்தது. அவரும் மேற்கொண்டு பேசவில்லை.

சுமார் 670 குதிரை வீரர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் புறப்பட்டார்கள். முதலில் செத்தவர்களில் நோலன் ஒருவர். மொத்தம் 110 பேர் வரை மாண்டார்கள். காயம்பட்டவர்கள் அதைவிட அதிகம். எல்லாம் சுமார் இருபது நிமிஷத்துக்குள். அப்புறம் என்ன? ராக்லன் தன் அறிக்கையில் லூகன் மேல் பழியைப் போட்டார். லூகன் நோலன் மேல் போட்டார். செத்தவர் மறுப்புக் கடிதம் எழுத மாட்டாரே! ராக்லன் அடுத்த மாதமே ஃபீல்டு மார்ஷல். லூகனும் 1887-ல் ஃபீல்டு மார்ஷல் ஆகிவிட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஓர் ஆபீஸ் ஞாபகம் வருகிறது. நான் முதன்முதலில் சேர்ந்த இடம். ஒரு நாள் சர்க்குலர் வந்தது: ‘பழைய ஃபைல்களை உடனடியாக அப்புறப்படுத்தவும்.’ அப்புறப்படுத்துவது என்றால் அடுத்த ரூமுக்கு மாற்றுவதா, ஒரேயடியாகக் கழிப்பதா? எங்கள் ஜூனியர் பையன் ஒருவன் மேலதிகாரியிடம் போய்க் கேட்டான். “தமிழ்லதானேய்யா எழுதியிருக்கு, படிக்கத் தெரியாதா?” என்று பதில் வந்தது. பையன் திரும்பி வந்தான். பழைய பேப்பர்காரருக்கு ஆள் அனுப்பினான்.

அடுத்த வாரம் ஆடிட் வந்தது. அப்புறம் கதை உங்களுக்கே தெரியும். பையனுக்கு மெமோ, அந்த வருஷ இன்க்ரிமென்ட் கட். சர்க்குலர் எழுதியவர் சந்தன மாலையோடு ரிட்டயர் ஆனார்.

சரி, மூன்றாவது அக்டோபர் 25. வருஷம் 1944, பிலிப்பைன்ஸ் கடல், லெய்ட்டே வளைகுடா யுத்தம். அமெரிக்க அட்மிரல் ஹால்சி முந்தின நாள் பிற்பகலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சில பெரிய போர்க்கப்பல்கள் சேர்த்து ‘டாஸ்க் ஃபோர்ஸ் 34’ அமைக்கப்படும் என்று. அமைக்கப்படும். எதிர்காலம். அதை வானொலியில் பிடித்த இன்னோர் அட்மிரல் கின்கெய்ட், ‘அமைக்கப்பட்டுவிட்டது, சான் பெர்னார்டினோ ஜலசந்திக்குக் காவல் நிற்கிறது’ என்று எடுத்துக்கொண்டார். “நான் சொன்னால்தான் அமைக்க வேண்டும்” என்று ஹால்சி பிற்பாடு தன் ஆட்களுக்கு மட்டும் விளக்கினார். மற்றவர்கள் காதில் அது விழவில்லை. ஜப்பானின் தூண்டில் கப்பல்களைத் துரத்திக்கொண்டு எல்லாவற்றையும் வடக்கே கூட்டிப்போய்விட்டார். ஜலசந்தி வாசல் திறந்த வீடு!

கின்கெய்டுக்குச் சந்தேகம் வந்து கேள்வி அனுப்பியது விடியற்காலை நாலு மணிக்கு மேல். ‘இல்லை’ என்ற பதில் வருவதற்குள் ஜப்பானின் யமாட்டோ உட்பட நாலு பெரும் போர்க்கப்பல்கள் வாசலைத் தாண்டி, சமார் தீவருகே சுட ஆரம்பித்துவிட்டன. அங்கே இருந்தவை ஆறு சின்ன விமானந்தாங்கிகளும் ஏழு சின்னக் காவல் கப்பல்களும்தான். அதில் ஒன்றான ஜான்ஸ்டனின் கேப்டன் எர்னஸ்ட் எவன்ஸ் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. ஐந்து அங்குல பீரங்கியோடு, பதினெட்டு அங்குல பீரங்கிக்காரனை நோக்கிக் கப்பலைத் திருப்பினார். ஜப்பானிய அட்மிரல் குரிட்டா, எதிரே பெரிய கப்பல் படையே நிற்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போனார். ஜான்ஸ்டன் மூழ்கியது. 327 பேரில் எவன்ஸ் உட்பட 186 பேர் போனார்கள்.

அதே காலையில் ஹவாயிலிருந்து அட்மிரல் நிமிட்ஸ், “டாஸ்க் ஃபோர்ஸ் 34 எங்கே?” என்று ஹால்சிக்குத் தந்தி அடித்தார். எதிரி ரகசியச் செய்தியை உடைக்காமல் இருக்க, முன்னும் பின்னும் அர்த்தமில்லாத வார்த்தை சேர்ப்பது வழக்கம். முன்னால் ஏதோ வான்கோழி தண்ணீருக்கு ஓடுவதாக இருந்தது, அதை வெட்டிவிட்டார்கள். பின்னால் ‘உலகமே வியக்கிறது’ என்று இருந்தது. செய்தியோடு சேர்ந்தாற்போல் தெரிந்ததால் விட்டுவிட்டார்கள். ஹால்சிக்கு அது நக்கலாகப் பட்டது. தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார். கப்பல்களைத் திருப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த வால் வார்த்தை எங்கிருந்து வந்தது? பாலக்ளாவா குதிரைப் பாய்ச்சலைப் பற்றி டென்னிசன் எழுதிய கவிதையின் எதிரொலி என்று பலர் நினைக்கிறார்கள். தேதி பார்த்த யாரோ ஒரு கிளார்க்குக்கு அது ஞாபகம் வந்திருக்கலாம். 90 வருஷம் கழித்தும் அதே தேதி, அதே குழப்பம்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். லூகன் கேட்டார். கார்டிகன் சொல்லிப் பார்த்தார். எங்கள் ஆபீஸ் பையனும் கேட்டான். எல்லோரும் ஒரு தடவை கேட்டார்கள். முதல் தடவை கேட்பது சுலபம். ஒரு முறை முறைத்த பிறகு, வெட்கத்தை விட்டு, “மன்னிக்கணும் சார், இன்னும் புரியலை, எந்தப் பீரங்கி?” என்று கேட்கத்தான் தைரியம் வேண்டும். பாலக்ளாவாவில் அதற்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

உங்கள் மேஜைக்கும் புரியாத உத்தரவு வரும். சர்க்குலராகவோ, வாட்ஸ்அப்பில் ஒற்றை வரியாகவோ. கேளுங்கள். முறைத்தால் இன்னொரு தரம் கேளுங்கள். ‘இப்படித்தான் புரிந்துகொண்டேன், சரியா?’ என்று எழுதியே கேட்டுவிடுங்கள். குன்றின் மேல் நிற்பவருக்குக் கோபம் வரும்தான். வரட்டும். பள்ளத்தாக்கில் குதிரை ஓட்டப்போவது அவர் இல்லை.