புதுவையில் சுட்ட மண்

புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடம் 1971-இல் தொடங்கப்பட்டது. நிறுவியவர்கள் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும். டெபோரா ஜப்பானின் பிசென் ஊரில் மட்பாண்டக் கலை பயின்றவர். ரே கட்டடக்கலையும் செராமிக் கலையும் கற்றவர்.

ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸில் சுடப்படும் ஸ்டோன்வேர் கலங்களே இக்கூடத்தின் அடையாளம். அந்த வெப்பத்தில் களிமண் இறுகி, நீர் உறிஞ்சாத உறுதி பெறுகிறது. இந்த ஸ்டோன்வேர் மண்ணில் கலம் மட்டுமன்றி விளக்குக் கூடும் செய்யலாம்; அதற்கு, பாதி காய்ந்த பதத்தில் துளையிட வேண்டும். ஈரம் மிகுந்தால் வடிவம் குலையும்; முழுதும் காய்ந்தால் விரிசல் விடும். சூளையில் மண் சுருங்குவதால், பல்பு ஹோல்டருக்கான துளையைச் சற்றுப் பெரிதாகவே வெட்ட வேண்டும்.

1980-களில் ரே, மண்ணால் வீடுகளையே கட்டி, உள்ளே தீமூட்டிச் சுட்டார். இந்தியாவின் முன்னணி செராமிக் கலைஞர்கள் பலர் இந்தப் பாட்டரியில் பயின்றவர்கள். கலங்களோடு கலைஞர்களையும் உருவாக்கியதே இக்கூடத்தின் மிகப் பெரிய கொடை.