சிப்பி திறக்கும் கை

பாரிஸ் நகரத்து மொன்பர்னாஸ் பூல்வாரில் ப்ராஸரிகளுக்குப் பஞ்சமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்சாஸ்காரர்கள் நடத்திய பீர்க்கடைகளின் வழிவந்த உணவகங்கள் இவை. இங்கே பெயர்பெற்றது 1927 டிசம்பரில் திறந்த லா கூபோல். ஓவியர்கள் வண்ணம் தீட்டிய தூண்கள் அதன் அடையாளம். ‘இந்திய பாணி’ ஆட்டுக்குட்டிக் குழம்பு தொடக்க காலத்திலிருந்தே அதன் மெனுவில் இருக்கிறது. லா கூபோலும் இப்போது ஒரு பெரிய உணவகக் குழுமத்தின் கையில்தான்.

நான் சாப்பிட்டது அதே வட்டாரத்தில், வேறொரு குழுமத்தின் கிளையில். பித்தளைக் கம்பிகள், சிவப்பு இருக்கைகள், கறுப்பு அங்கியில் விறைப்பான பரிமாறுநர்கள். எந்தக் கிளைக்குப் போனாலும் இதே மெனு, இதே தட்டு. வெங்காய சூப் நன்றாகவே இருந்தது. மறுநாள் நினைவில் நிற்கவில்லை.

நினைவில் நின்றவர் வாசலுக்கு வெளியே, நடைபாதையோரப் பந்தலின் கீழ் நின்றிருந்தார். நொறுக்கிய பனிக்கட்டி, அதன்மேல் கடற்பாசி, கூடை கூடையாகச் சிப்பிகள். அவற்றைத் திறந்து தட்டில் அடுக்குபவரை எகாயே என்கிறார்கள். ஒரு காலத்தில் சவ்வா மலைநாட்டு ஆட்கள் குளிர்காலப் பிழைப்புக்குப் பாரிஸ் வந்து செய்த வேலை. நான் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் எழுத வேண்டாம் என்றார்.

இடது கையில் தடித்த துணி. அதில் சிப்பியின் குழிந்த ஓடு கீழே, கீல் உள்ளங்கைப் பக்கம். கீலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, வலப்பக்க விளிம்பில் குட்டைக் கத்தி நுழைகிறது. இரண்டு ஓடுகளையும் இறுகப் பிடித்திருக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. அது அறுந்ததும் மேலோடு தானாகத் தளர்கிறது. முதலில் இருக்கும் கடல்நீரைச் சாய்த்துக் கொட்டிவிடுகிறார். சற்று நேரத்தில் சிப்பி மறுபடி நீர் விடும். ருசி அந்த இரண்டாம் நீரில்தான். ஓட்டுத்துண்டு ஒன்று உள்ளே விழுந்தாலும் தட்டு திரும்பி வந்துவிடும்.

“பலத்தைப் போட்டா ஓடு நொறுங்கும், அண்ணை. இடத்தைப் பிடிச்சாக் காணும்” என்றார், கை நிற்காமல். “ஊரிலை சிப்பியைத் தொட்டதே இல்லை. இங்கை பாத்திரம் கழுவத்தான் வந்தனான். முந்தி நிண்ட பிரெஞ்சுக்கார ஐயா பழக்கிவிட்டவர்.”

சிப்பிக்கு எண் உண்டு. எண் ஏற ஏற உருவம் சிறுக்கும். மூன்றாம் எண் என்றால் 66 முதல் 85 கிராம் வரை. மரென்-ஒலெரோன் பகுதிச் சிப்பிகளைப் பழைய உப்பளக் குட்டைகளில் சில வாரம் ஊறவிடுகிறார்கள். அங்குள்ள ஒரு நுண்பாசியால் செவுள் பச்சை நிறம் பெறுகிறது. பிரான்ஸில் இன்று பெரும்பாலும் வளர்ப்பது பசிபிக் இனம். 1970 வாக்கில் நோய் வந்து போர்த்துகீசியச் சிப்பி அழிந்ததால் கொண்டுவந்தது. நம் கரையிலும் மதராஸ் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு சிப்பி இனம் உண்டு; தூத்துக்குடியில் வளர்த்தும் பார்த்தார்கள். நம் சமையலறைக்குள் மட்டும் அது பெரிதாக நுழையவில்லை.

ஒரு டஜன் சிப்பியின் விலைக்கு, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மூன்று பேர் வயிறாரச் சாப்பிடலாம். அந்த விலையில் அடுப்புக்குப் பங்கே இல்லை. சாஸையும் சூப்பையும் ஒரே அளவில் எல்லாக் கிளைக்கும் வகுத்துவிடலாம். ஓட்டுக்கு ஓடு வடிவம் மாறும் சிப்பியை அப்படி வகுக்க முடியாது. இந்தக் குழுமம் விற்பதில் மிக உயர்ந்த சரக்கு இவர் மணிக்கட்டுதான் என்பது என் கணிப்பு. அதை ஏன் குளிரில் நிறுத்துகிறார்கள்? பார்த்தவருக்குப் பசிக்கவேண்டுமாம்; கூடவே, உருகும் பனியும் ஓடும் வெளியிலேயே இருப்பது வசதி.

“கிறிஸ்மஸ் கிழமை நிமிர ஏலாது. விரல் மரத்துப்போகும். கத்தி எங்கை நிக்குது எண்டு கைக்கே தெரியாது” என்றார். இடது பெருவிரலடியில் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன.

பாரிஸில் பில் தொகையில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே அடங்கியிருக்கும். அதற்குமேல் வைக்கும் சில்லறை பெரும்பாலும் மேசையில் பரிமாறியவர் கைக்கே போகிறது. சிப்பி சாப்பிட்டீர்களென்றால், வெளியே வரும்போது பந்தலடியில் ஒரு நிமிடம் நின்று, திறந்தவரிடமும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வாருங்கள்.