பங்குபாபுவின் நண்பர் யார்?

சத்யஜித் ராயின் ‘பங்குபாபுவின் நண்பர்’ 1962இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் வெளிவந்தது. ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கி, பின்னர் நின்றுபோய், 1961இல் ராயும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் மீட்டெடுத்த இதழ் அது. சிறுவர் கதை என்று கடந்துவிடுவோர் அதன் முரண்நகையைத் தவறவிடுகிறார்கள்.

பங்குபாபு கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர். வக்கீல் ஸ்ரீபதியின் வீட்டில் மாலையில் கூடும் குழுவில் அவருக்கென ஒதுக்கப்பட்ட இடம் ஒன்றே: கேலிக்கு ஆளாவது. ஒருநாள் வானில் தென்பட்ட ஒளியைப் பற்றிப் பேச்சு எழுகிறது. வேற்றுக்கிரகத்தார் இந்தக் குக்கிராமத்துக்கு ஏன் வரப்போகிறார்கள் என்று குழு நகைக்கிறது. அன்றிரவே, வீடு திரும்பும் வழியிலுள்ள மூங்கில் தோப்பில், ஆங் என்னும் வேற்றுக்கிரகவாசியைப் பங்குபாபு சந்திக்கிறார்.

இங்கே ராய் ஒரு நுட்பம் செய்கிறார். ஆங் போக நினைத்தது புளூட்டோவுக்கு. வழிதவறிப் பூமியில் இறங்கிவிட்டது. ஆக, இவ்வூரைத் தேடி எவரும் வரமாட்டார்கள் என்ற குழுவின் தர்க்கம் பிழையற்றது. நிகழ்வுதான் அதற்குக் கட்டுப்படவில்லை.

அடுத்தது புவியியல். பிள்ளைகளுக்கு உலகத்தைக் கற்பித்தும் அதைக் கண்டிராத ஆசிரியர், ஆங் தந்த கருவியின் வழியே வட துருவத்தையும் பிரேசில் காட்டையும் காண்கிறார். அப்போதும் அவர் கால்கள் நிற்பது தம் ஊர்த் தோப்பில்தான்.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது மூன்றாவது முரண். ஆயிரக்கணக்கான மொழிகள் அறிந்த ஆங், பங்குபாபுவிடம் வங்காளத்தில் பேசுகிறது. குழுவினரும் வங்காளத்தில்தான் பேசுகிறார்கள். அதே மொழி அங்கே ஏளனத்தின் கருவி, இங்கே நட்பின் கருவி. “கன்னட கொத்தா?” என்ற கேள்வி அன்றாடம் ஒலிக்கும் பெங்களூரில், மொழி பொதுவாகிவிட்டால் உறவும் பொதுவாகிவிடும் என்று நம்புவது எளிது. ராயின் கதை அந்த நம்பிக்கையைச் சோதிக்கிறது. தாய்மொழி ஒன்றாக இருந்தும் ஆண்டுக்கணக்கில் ஒருவரை மனிதராக மதித்துப் பேசாதிருக்க முடிகிறது.

மாயக் கதைகளில் நண்பர் விடைபெறும்போது விளக்கோ மோதிரமோ தந்து செல்வதுண்டு. ஆங் எதையும் விட்டுச் செல்வதில்லை. இத்தனை பணிவு நல்லதன்று என்று அறிவுறுத்திவிட்டுப் போய்விடுகிறது. அடுத்த முறை குழு கூடும்போது பங்குபாபு எல்லோர் முகத்துக்கும் நேரே பேசுகிறார். ஆங்கைச் சந்தித்ததையும் சொல்கிறார். சான்று காட்ட அவரிடம் ஒன்றுமில்லை. அவர்கள் நம்புகிறார்களா என்பது இனி அவருக்குப் பொருட்டுமில்லை.

சில நிமிடங்களே நீடித்த அறிமுகம் தலைப்பில் ‘நண்பர்’ என்ற பெயர் பெறுகிறது. பல்லாண்டு உடனிருந்தோர் அப்பெயரை இழக்கிறார்கள். எனினும் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. எளியவர் ஒருவர் தம் மதிப்பை உணர, வேறொரு கோளிலிருந்து எவரோ வழிதவறி வரவேண்டியிருந்தது. கருத்தரங்கில் வாய் திறவாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவரிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்ல, அருகிருப்பவர் போதாதா?