அவன் சந்தையை நான் இடித்தேன்

கூட்டாளி என்று அறிவித்துவிட்டு, கூட்டாளிக்காகத் திறந்த கதவு வழியாகவே படையை உள்ளே அனுப்பி, என்னை நம்பியிருந்தவனை அழித்தேன். நடந்தது ஒரு கணினி விளையாட்டில்தான். ஆனால் அதைச் செய்த மனம் என்னுடையது. அதே மனத்தோடுதான் மறுநாள் ஷிஃப்டுக்கும் போனேன். அதனால் விளையாட்டு என்று சொல்லி இதைத் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பலரையும் போல நாங்கள் நான்கு பேர் ஒரு வாடகை அறையில் இருந்தோம். நான் மெயின்டனன்ஸில் பழைய ஆள். மற்ற மூவரும் டிப்ளமோ முடித்துவிட்டு வந்த இளைஞர்கள். ஷிஃப்ட் ஒத்துவரும் இரவுகளில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் ஆடுவோம். 1999-இல் வந்த ஆட்டம் அது. 2019-இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தொகுப்பில் திராவிடர் என்றொரு நாகரிகமும், ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடரும் சேர்ந்தன. அதற்குப் பிறகு வேறு நாகரிகத்தை நான் எடுத்ததேயில்லை.

ஆடிப் பழகாதவர்களுக்கு ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில் வெல்வதற்குப் போர் ஒன்றுதான் வழி என்றில்லை. எல்லோரையும் அழித்தும் வெல்லலாம். 'வொண்டர்' என்ற பெருங்கட்டடத்தை எழுப்பி, குறித்த காலம் வரை அது விழாமல் காத்தும் வெல்லலாம். ஆட்டம் நீண்டால் சுரங்கத்துத் தங்கம் தீர்ந்துபோகும். அப்புறம் கைகொடுப்பது வணிகம். நம் சந்தையிலிருந்து கிளம்பும் வண்டிகள் இன்னொருவர் சந்தைக்குப் போய்த் திரும்பினால் தங்கம் வரும். தூரம் கூடினால் லாபமும் கூடும். நமக்கே இரண்டு சந்தைகள் இருந்தாலும் அவற்றுக்கிடையே வண்டி ஓட்டிச் சம்பாதிக்க முடியாது. அடுத்தவன் சந்தை இருந்தால்தான் நம் வண்டிக்கு வேலை. போர் ஆட்டம் என்று பெயர் வாங்கியதன் உள்ளே, பக்கத்துக்காரன் வாழ்வதில் நமக்கும் பங்கு உண்டு என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கை நம்பித்தான் நானும் எங்களில் இளையவனும் பேசி முடித்தோம். ஆற்றுக்கு வடக்கே அவன், தெற்கே நான். அவன் சந்தைக்கு என் வண்டி, என் சந்தைக்கு அவன் வண்டி. ஒருவரை ஒருவர் தொடுவதில்லை. யோசனை என்னுடையது. அவன், "சரிண்ணா" என்றான். அதற்குமேல் அவன் எந்த உறுதியும் கேட்கவில்லை. அணிகளை மாற்ற முடியாதபடி பூட்டும் வசதி ஆட்டத்தில் உண்டு. நமக்குள் அதெல்லாம் எதற்கு என்று அதையும் போடவில்லை.

மற்ற இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வளர்ந்தோம். அவன் என்னைவிட நன்றாக வளர்ந்தான். வயல்கள் ஒழுங்காக இருந்தன, வண்டிகள் வரிசையாகப் போயின, மதில் எழும்பியது. திரையின் ஓரத்தில் எல்லோருடைய ஸ்கோரும் தெரியும். அவன் எண் என் எண்ணைத் தாண்டியது. அவன் வொண்டருக்கு அடித்தளம் போட ஆரம்பித்தபோது என்னால் உட்கார முடியவில்லை.

இப்போது உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். அந்த வாரம்தான் ஆலையில் ஒரு லைனின் பொறுப்பை அவனிடம் கொடுத்திருந்தார்கள். மோட்டார் ஒயரிங்கில் தொடங்கி அவனுக்குப் பலதும் சொல்லிக்கொடுத்தவன் நான். வாழ்த்தினேன், கையும் கொடுத்தேன். உள்ளே எரிந்தது. பகலில் காட்ட முடியாததை இரவில் காட்ட எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

கூட்டாளிக்கு ஆட்டம் சில சலுகைகள் தருகிறது. அவன் நிலம் முழுவதும் நம் கண்ணுக்குத் தெரியும். நம் ஆட்கள் பக்கத்தில் போனால் அவன் மதில் கதவு தானாகத் திறக்கும். கவச யானைகளையும் சுருள்வாள் வீரர்களையும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே அனுப்பினேன். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம், ஊர் நடுவில் ஒரு கூட்டம். நிறுத்தி வைத்துவிட்டு, கூட்டாளி என்றிருந்ததை எதிரி என்று மாற்றினேன். முதலில் சந்தை விழுந்தது. அவன் படை திரட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைய ஆட்டத்தில் நான்தான் வென்றேன். துரோகம் செய்தவன் தோற்றான் என்று எழுத முடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை.

அவன் கத்தவில்லை. "உங்க ஆளுங்க உள்ள வந்தப்ப, எனக்குக் காவலுக்கு அனுப்பியிருக்கீங்கன்னு நெனச்சேன்ணா" என்றான்.

அதற்குப் பதிலாக நான் வரலாறு பேசினேன். அதை அந்தத் துரோகத்தைவிடக் கேவலமாக நினைக்கிறேன். "இங்க இருக்கிற பழவேற்காட்டைப் பாரு. துணி வாங்க வந்த டச்சுக்காரன்கூடக் கோட்டை கட்டினான். வியாபாரம்னாலே கடைசியில சண்டைதான்" என்றேன். நான் சொல்லாமல் விட்டது இது: 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் பழவேற்காட்டிலிருந்த டச்சுக் கிடங்கைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த ஆண்டுதான் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அடிபட்டு அஞ்சியவர்கள் கட்டியது அது. அப்படித் தொடங்கியதுகூட அச்சத்தோடு நிற்கவில்லை. அங்கே வெடிமருந்து செய்தார்கள், அந்தத் துறையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். என்னை யாரும் தாக்கவில்லை. எனக்கு அந்த அச்சம்கூட இல்லை. பிறர் செய்த கொடுமையை எடுத்து என் செயலுக்கு நியாயமாக மாட்டினேன்.

ராஜேந்திரனையும் துணைக்கு இழுத்தேன். "நம்ம ஆளு கடல் தாண்டிப் போய் ஜெயிச்சவன்" என்றேன். இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-இல் அவனுடைய செப்பேடுகள் கிடைத்தன, மொத்தம் 31 ஏடுகள். அதன் சமஸ்கிருதப் பகுதி சோழர் குலத்தின் வெற்றிகளைப் பாடுகிறது. தமிழ்ப் பகுதியோ, பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததை விவரமாகப் பதிவு செய்கிறது. அத்தனை நாடுகளை வென்ற அரசும், தான் கொடுத்தது இது என்று பின்னால் வருபவர்களையும் கட்டுப்படுத்தும்படி செம்பில் வெட்டி வைத்தது. நான் ராஜேந்திரனிடமிருந்து வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டேன். கொடுத்த சொல்லுக்கு அந்தச் செப்பேட்டில் இருக்கும் எடையை எடுத்துக்கொள்ளவில்லை.

பின்விளைவு அடுத்த இரவிலேயே தொடங்கியது. அறையில் யாரும் யாரோடும் ஒப்பந்தம் பேசவில்லை. அணிகளை முதலிலேயே பூட்டினார்கள். எடுத்த எடுப்பிலேயே மதில், உடனே தாக்குதல். வொண்டர் எழுப்புமளவு நீண்ட ஆட்டம் அதற்குப் பிறகு எங்களுக்கு வாய்க்கவில்லை. வணிக வண்டியும் ஓடவில்லை. ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர், ஒத்துழைப்பு எப்படி உருவாகிறது என்பதைக் கணினி நிரல்களுக்கிடையே போட்டி வைத்து ஆராய்ந்து, 1984-இல் ஒரு புத்தகமாக எழுதினார். அந்தப் போட்டியில் வென்ற நிரல், தானாக முதலில் துரோகம் செய்யாதது. எதிராளி செய்ததைத் திருப்பிச் செய்வது. மறுபடி சந்திப்போம் என்ற எண்ணம் இருக்கும் இடத்தில்தான் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று அவர் காட்டினார். நாங்களோ தினமும் முகம் பார்ப்பவர்கள், ஒரே மெஸ்ஸில் சாப்பிடுபவர்கள். நம்பிக்கை வளர அதைவிட நல்ல இடம் இருக்க முடியாது. அங்கே முதல் துரோகத்தை நான் செய்தேன். மற்றவர்கள் அதன் பிறகு செய்ததெல்லாம் பதில்தான்.

போரை நான் குறை சொல்லவில்லை. மற்ற இருவரும் இரவெல்லாம் ஒருவர் கோட்டையை ஒருவர் இடிப்பார்கள். விடிந்ததும் சேர்ந்து டீ குடிக்கப் போவார்கள். அவர்களுக்குள் ஒரு கசப்பும் கிடையாது, ஏனென்றால் எதிரி என்று சொல்லித்தான் மோதினார்கள். என் குற்றம் போர் செய்தது அல்ல. சமாதானத்தால் மட்டுமே திறக்கக்கூடிய கதவைப் போருக்குப் பயன்படுத்தியது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கேம்தானேண்ணா, விடுங்க" என்றான். ஆனால் ஆலையில் சந்தேகம் வந்தால் இப்போது வேறொருவரிடம் போய்க் கேட்கிறான். லைன் பொறுப்பு வந்தபோது எனக்குள் எரிந்ததையும் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லும் துணிவு அன்றைக்கு இல்லை. இதை அவன் படிப்பான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அமைதியாக வளர்வோம் என்று ஒருவனோடு கை கோத்தால், அவன் நம்மைத் தாண்டி வளர்வதற்கும் சேர்த்தே சம்மதிக்கிறோம். எனக்குச் சமமாக அவன் வளர்வது பிடித்திருந்தது. எனக்கு மேலே போனதும் பிடிக்கவில்லை. ஆலையிலும் அறையிலும் என்னிடம் இருந்த குறை இதுதான். பிறர் எனக்கு மேலே போவதற்கு மனம் பழகும்வரை யாரையும் கூட்டாளி என்று அழைக்கப் போவதில்லை. தொழில் கற்றுத்தருவதை மட்டும் நிறுத்த மாட்டேன். கற்றவன் எனக்கு மேலே போவான் என்று தெரிந்தேதான் இனிக் கற்றுத்தருவேன்.