குதிருக்குள் ஒளிந்தோம்

கொல்ல வந்த நோய்க்கு ‘அம்மை’ என்று பெயர் சூட்டி மகிழ்ந்தவர்கள் நாம்! பத்துப் பேரைத் தீண்டினால் மூவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பும். எஞ்சியோரின் முகத்தைச் சல்லடையாக்கும். சிலரின் கண்ணையும் கொண்டுபோகும். அதற்குத் தாயின் பெயர்! அதன் கொப்புளத்துக்கு ‘முத்து’ என்று பெயர்!

1953-ஆம் ஆண்டு. எனக்கு அகவை ஏழு, அக்காவுக்குப் பத்து. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்ற செய்தி, அவர் வாய்க்கால் மதகைத் தாண்டுமுன்பே எங்கள் தெருவுக்கு வந்துவிடும். பற்கள் கொண்ட சிறு வட்டத் தகட்டைத் தோலில் அழுத்தித் திருகுவார். புண் ஆற நாளாகும். பிள்ளைகளுக்கு வலியைக் குறித்த அச்சம். பெரியவர்களுக்கோ தெய்வத்தைக் குறித்த அச்சம். “ஆத்தா கோவிச்சுக்குவா” என்று கூறி, பாட்டி எங்கள் இருவரையும் நெற்குதிருக்குள் இறக்கி மூடிவிட்டாள். உள்ளே இருட்டு. நெல்லின் சுணை உடலெல்லாம் அரித்தது. எனக்குத் தும்மல் வந்துவிடுமோ என்று அஞ்சி அக்கா என் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டிருந்தாள். வந்தவர் திண்ணையில் சற்று அமர்ந்து, நீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பாட்டி வென்றுவிட்டாள்!

அடுத்த பங்குனியில் அக்காவுக்கு முத்து கண்டது. வாசலில் வேப்பிலை செருகினர். மருத்துவரை அழைப்பது தெய்வக்குற்றம் என்றனர். அப்பா மட்டும் யாரிடமும் கூறாமல் அன்றே என்னைத் தோளில் சுமந்து நகரத்துக்கு நடந்து, எனக்குக் குத்தச் செய்தார். தொற்று ஏறிய மூன்று நான்கு நாள்களுக்குள் குத்திக்கொண்டாலும் காப்பாற்றும் என்பதைப் பல்லாண்டுகளுக்குப் பின்னர்தான் படித்து அறிந்தேன். நான் தப்பினேன். அக்காவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில், அவளும் பிழைத்துவிட்டாள் என்றனர். இடக்கண் பிழைக்கவில்லை. பாட்டி வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சென்று கோயிலில் செலுத்தினாள். வெள்ளிக் கண்ணை வாங்கிக்கொண்ட அம்மன், அக்காவின் கண்ணைத் திருப்பித் தந்தாளில்லை! பாட்டியை நான் பழிக்கமாட்டேன். எழுதப் படிக்கக் கற்பிக்காமல், அஞ்சுவதற்கு மட்டும் கற்பித்த ஒரு சமுதாயம் அவளைக் குதிருக்கு வெளியே காவல் நிறுத்தியது, அவள் நின்றாள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. உக்ரேனில் குண்டு விழுந்தபோதும், காசாவில் குழந்தைகள் மடிந்தபோதும், நண்பர்கள் என்னிடம் வந்து, “உலக நாடுகளின் ஒத்துழைப்பு, ஒத்துழைப்பு என்கிறீரே, அது ஏட்டுச் சுரைக்காய்தானே?” என்று கேட்டனர். பாதுகாப்பு அவையில் ஒரு வல்லரசு கை தூக்கினால் உலகின் வாய் அடைபட்டுப்போவதைக் கண்டவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. நானும் பலமுறை அவ்வாறே சலித்துக்கொண்டவன்தான். ஆனால் என் வீட்டுக் குதிர்வரை கை நீட்டிய ஒத்துழைப்பு ஒன்று உண்டே! அதை மறைத்துவிட்டுச் சலிப்பை மட்டும் பேசுவது நேர்மையாகுமா?

1958-ஆம் ஆண்டு. உருசியாவின் செயற்கைக்கோள் வானில் பறந்து அமெரிக்காவின் தூக்கத்தைக் கெடுத்திருந்த காலம். 1949-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தைவிட்டு விலகிச் சென்ற சோவியத் நாடு, மீண்டும் வந்து அமர்ந்திருந்தது. அமெரிக்க மண்ணில், மின்னியாபொலிசு நகரில், அந்நிறுவனத்தின் பேரவை கூடிற்று. அங்கே எழுந்தார் விக்டர் சுதானோவ் என்ற சோவியத் அறிஞர். பெரியம்மையை உலகைவிட்டே ஒழிப்போம் என்றார். அவர் எடுத்துக்காட்டியது மார்க்சையா, லெனினையா? இல்லை! அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜெபர்சன், அம்மைப்பால் கண்ட ஜென்னருக்கு 1806-இல் வரைந்த மடலை! பகைவன் வீட்டுக்குள் நுழைந்து, பகைவனின் பாட்டனையே சான்றுக்கு அழைத்த அந்தச் சாதுரியத்தை எண்ணி இன்றும் மகிழ்கிறேன்.

எனினும் ஒரு தீர்மானத்தால் நோய் ஓடிவிடுமா? பணம் வேண்டுமே! 1966-இல் ஆண்டுக்கு 24 இலட்சம் டாலர் ஒதுக்கும் திட்டம் வாக்குக்கு வந்தது. பேரவை பதறியது. தேவைக்கு மேல் இரண்டே வாக்குப் பெற்றுத் திட்டம் தப்பியது. அன்று 31 நாடுகளில் நோய் குடியிருந்தது. 1967 என்ற ஒரே ஆண்டில் அது தீண்டியோர் ஒரு கோடிக்கும் மேல், மாண்டோர் 20 இலட்சம் என்று கணிக்கின்றனர். இரு வாக்கில் தொங்கியது இத்தனை உயிர்!

திட்டத்தை நடத்த அமெரிக்கர் ஒருவர், டி.ஏ.எண்டர்சன், அமர்த்தப்பட்டார். வெப்பத்தில் கெடாத உலர் மருந்தை நூறு கோடிக்கு மேற்பட்ட அளவுகளில் சோவியத் நாடு வழங்கியது. இரு முனை கொண்ட எளிய ஊசி ஒன்றை அமெரிக்க நிறுவனம் ஒன்று உருவாக்கி, இப்பணிக்கு உரிமைத்தொகை வேண்டாம் என்றது. பதினைந்து முறை மெல்லக் குத்தினால் போதும். திருகுத் தகடு விடைபெற்றது. வலியும் குறைந்தது, மருந்தும் மிஞ்சியது.

நம் நாட்டில் இறுதிப்போர் கடுமையானது. 1974-இல் மட்டும் 1,88,000 பேருக்கு நோய் கண்டது; பீகார்தான் கொதிகலன். தில்லியில் அமெரிக்கரும் செக்கோசுலோவாக்கியரும் இந்தியரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். எல்லார்க்கும் ஊசி என்பதோடு நில்லாமல், நோய் எங்கே என்று தேடி, அந்த வீட்டைச் சூழ்ந்து வேலி கட்டும் முறையைக் கைக்கொண்டனர். நோயுற்ற குழந்தையின் படம் பொறித்த அட்டையை ஏந்தி, இலட்சம் ஊழியர்கள் பத்துக் கோடி வீடுகளின் கதவைத் தட்டினர். நோய் இருக்குமிடம் கூறுவோர்க்குப் பரிசு 50 உரூபாயில் தொடங்கி 1000 உரூபாய்வரை உயர்ந்தது. காவலரோடு நள்ளிரவில் கதவை உடைத்துப் புகுந்து, திமிறியவர்க்கு ஊசி போட்டதும் உண்டு. அதை நான் புகழமாட்டேன். கதவைத் திறக்க வைப்பது அறிவு, உடைப்பது அவசரம். 1975 மே திங்களோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது.

போர் சும்மா இருந்ததா? வங்கத்தின் கிழக்கில் 1970-இலேயே ஓய்ந்திருந்த நோய், 1971 போரில் ஏதிலியர் முகாம் வழியாக வந்து, விடுதலை பெற்ற நாட்டுக்குள் மீண்டும் நுழைந்தது. ஒழிக்க மேலும் நான்காண்டு தேவைப்பட்டது. எத்தியோப்பியாவும் சோமாலியாவும் 1977-இல் ஒகாடன் பாலையில் மோதிக்கொண்டிருக்கையில்தான், சோமாலியாவின் மெர்கா நகரில், அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையற்காரருக்கு அக்டோபர் 26-ஆம் நாள் கொப்புளம் கண்டது. இயற்கையாய்ப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி அவரே. ஊசி வலிக்கும் என்று அஞ்சி அதற்குமுன் தப்பித்துக்கொண்டவராம்! அவருக்கும் ஒரு குதிர் இருந்திருக்கிறது. பிழைத்தார், பின்னாளில் இளம்பிள்ளைவாத ஒழிப்புக்காக ஊர் ஊராய்ச் சென்று, தம் கதையைக் கூறித் தாய்மாரை இணங்க வைத்தார். 1980 மே 8-இல் உலகம் விடுபட்டதாகப் பேரவை அறிவித்தது.

வல்லரசுகள் புத்தராகிவிட்டன என்று எண்ணிவிட வேண்டாம். நூறு கோடி அளவு மருந்து வழங்கிய அதே சோவியத் அரசு, அதே நோய்க்கிருமியைப் போர்க்கருவியாக்க மறைவில் முயன்றது என்பது பின்னர் வெளிவந்தது. இன்றளவும் அமெரிக்காவில் ஒரு கூடத்திலும் உருசியாவில் ஒரு கூடத்திலும் கிருமி பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அழிக்கும் நாள் ஒத்திவைக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டே வருகிறது. அன்பால் கூடியவர்கள் அல்லர் அவர்கள். நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது என்ற கணக்கு தெரிந்ததால் கூடினர். எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றுகிறது. அன்பு வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் எத்தனை கண்மலர் செய்ய வேண்டியிருந்திருக்குமோ!

அந்தக் கணக்கைத்தான் கொரோனா காலத்தில் மறந்தனர். ஏழை நாடுகளுக்கும் ஊசி எட்டவேண்டும் என்று அமைத்த ‘கோவாக்சு’ ஏற்பாடு, 2021 முடிவதற்குள் 200 கோடி அளவு தருவதாகக் கூறியது. நூறு கோடியைத் தொட்டதே 2022 சனவரியில்தான். செல்வ நாடுகள் தேவைக்கு மேல் வாங்கி அடுக்கின. காப்புரிமையைத் தளர்த்துங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டன. அரைகுறை விடை 2022 சூனில் வந்தது. 2025 சனவரியில் அமெரிக்கா உலக நலவாழ்வு நிறுவனத்தை விட்டு விலக ஆணையிட்டது. அதே ஆண்டு மே திங்களில் பெருந்தொற்று ஒப்பந்தம் நிறைவேறியது. ஆனால் கிருமி மாதிரியையும் மருந்தையும் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தனர். விருந்துக்கு அழைத்துவிட்டு, சோற்றைப் பற்றி நாளை பேசுவோம் என்பது போல!

நாமும் தூயவர் அல்லர். 2021-இல் இங்கே பிணங்கள் வரிசையில் காத்திருந்தபோது, பிற நாடுகளுக்குச் செல்லவேண்டிய ஊசியை இந்தியா நிறுத்திவைத்தது. அந்த நாள்களில்தான் நானும் அக்காவும் எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த முகாமுக்குச் சென்றோம். அவளுக்கு அகவை எழுபத்தெட்டு. வரிசையில் எனக்கு முன்னே நின்று, திரும்பி, “தம்பி, இங்கே குதிர் கிடையாது, ஓடாதே” என்றாள். செவிலிப் பெண் காரணம் அறியாமலே சிரித்தாள்.

சில நாள் கழித்து, ஏற்றுமதி நின்றுபோன செய்தியையும், ஆப்பிரிக்காவில் முதல் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இரண்டாவதுக்காகக் காத்திருப்பதையும் நாளேட்டிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவள், தோளைத் தடவியபடி, “அப்படியானால் நமக்குப் போட்டது யாருடையது?” என்றாள். நான் ஏட்டை மடித்து வைத்தேன்.